உங்க சம்பளத்தை யார் ‘செட்டிங்’ போட்டு வச்சிருக்காங்க? ஒரு மணி நேரத்தில் மாத்த வேண்டிய 6 டிஃபால்ட்டுகள்



நெருப்பெரிச்சல் பக்கம் ஏதாவது ஒரு பனியன் கம்பெனிக்குள்ள போய்ப் பாருங்க. இப்போ வர்ற கம்ப்யூட்டர் தையல் மெஷின் எல்லாத்துலயும் ஒரு சின்ன பேனல் இருக்கும். தையல் ஆரம்பத்துல எத்தனை பின்தையல் போடணும், எந்த வேகத்துல ஓடணும், எங்க நூலை அறுக்கணும்னு எல்லாத்தையும் ஒரு தடவை செட் பண்ணி சேமிச்சு வச்சிடலாம். எம்ப்ராய்டரி மெஷின்ல டிசைனே மெமரியில இருக்கும். சாயப்பட்டறையில எத்தனை டிகிரி சூடு, எவ்வளவு நேரம்னு ஒரு ‘புரோகிராம்’ ஓடும். ஆபரேட்டர் காலையில வந்து பட்டனை அமுக்கினா போதும், வேலை நடக்கும்.

இதுல ஒரு ஆபத்து இருக்கு. நேத்து மெல்லிசான சிங்கிள் ஜெர்சிக்குப் போட்ட செட்டிங், இன்னைக்கு கனமான ஃப்ளீஸ் துணி வந்தாலும் அப்படியே இருக்கும். மெஷின் உங்களைக் கேட்காது. யாராவது நிறுத்திப் பார்க்கலேன்னா தையல் சுருங்கும், இல்லேன்னா பிரியும். செக்கிங் டேபிளுக்கு வரும்போதுதான் தெரியும். அதுக்குள்ள ஒரு லாட்டே முடிஞ்சிருக்கும்.

உங்க சம்பளமும் இதே மாதிரி ஒரு மெஷின்லதான் ஓடிக்கிட்டு இருக்கு. பிஎஃப் எவ்வளவு பிடிக்கணும், வரி எந்த முறையில கணக்குப் போடணும், கிரெடிட் கார்டு பில்லுல எவ்வளவு கட்டணும், கடனுக்கு எத்தனை வருஷம்னு ஒவ்வொண்ணுக்கும் யாரோ ஒருத்தர் ஏற்கெனவே ஒரு செட்டிங் போட்டு வச்சிருக்காங்க. நீங்க எதுவும் சொல்லலேன்னா அதுதான் ஓடும். இதைத்தான் ‘டிஃபால்ட்’னு சொல்றோம்.

எல்லா டிஃபால்ட்டும் கெட்டது இல்லை. சிலது நம்மளைக் காப்பாத்துது, சிலது சத்தமே இல்லாம பணத்தைக் கரைக்குது. எது எதுன்னு பிரிச்சுப் பார்க்கிறதுதான் இந்தப் பதிவு.

டிஃபால்ட்டுக்கு ஏன் இவ்வளவு பலம்?

காரணம் நம்ம சோம்பேறித்தனம் மட்டும் இல்லைங்க. ‘ஏற்கெனவே இப்படி வச்சிருக்காங்கன்னா, அதுதான் சரியா இருக்கும்’னு மனசு எடுத்துக்குது. மாத்தணும்னா படிக்கணும், கணக்குப் போடணும், ஒரு ஃபார்ம் நிரப்பணும். நாளைக்குப் பார்த்துக்கலாம்னு தள்ளிப் போடுவோம். அந்த நாளைக்கு வரவே வராது.

2001-ல் பிரிஜிட் மேட்ரியன், டென்னிஸ் ஷே என்ற இரண்டு பேர் அமெரிக்காவில் ஒரு பெரிய கம்பெனியை வச்சு ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. அங்க ஓய்வுகாலச் சேமிப்புத் திட்டத்துல சேரணும்னா முன்னாடி ஊழியரே விண்ணப்பம் கொடுக்கணும். அதை மாத்தி, ‘எல்லாரும் தானா சேர்ந்துடுவீங்க, வேண்டாம்னா சொல்லுங்க’ன்னு ஆக்கினாங்க. சேமிக்கிறவங்க எண்ணிக்கை பெரிய அளவுல கூடிடுச்சு.

ஆனா கதையோட இன்னொரு பாதி முக்கியம். கம்பெனி டிஃபால்ட்டா வச்சது சம்பளத்தில் 3%. அதுவும் குறைஞ்ச வருமானம் தர்ற ஒரு ஃபண்டுல. பெரும்பாலானவங்க அந்த 3 சதவீதத்துலயே, அந்த ஃபண்டுலயே உட்கார்ந்துட்டாங்க. தானா யோசிச்சு முடிவு பண்ணியிருந்தா அதிகமா சேமிச்சிருக்கக்கூடியவங்களும் அதுல உண்டு.

அதாவது, டிஃபால்ட் உங்களை உள்ளே கொண்டுவந்து உட்கார வைக்கும். ஆனா உங்களுக்குத் தேவையான இடத்துல உட்கார வைக்கும்னு எந்த உத்தரவாதமும் இல்லை.

நம்ம பக்கம் நிக்கிற டிஃபால்ட்டுகள்

முதல்ல நல்லதைப் பார்த்துடலாம். இதையெல்லாம் தொடாதீங்க.

பிஎஃப்: ‘தானா சேர்த்துவிடுறது’ங்கிற யோசனை வெளிநாட்டுல இருந்து வந்த புதுசுன்னு நினைக்காதீங்க. இந்தியாவில் வருங்கால வைப்பு நிதிச் சட்டம் 1952-லயே வந்துடுச்சு. இந்த மாதிரி மனப்போக்குகளை ஆராய்ந்த ரிச்சர்ட் தாலருக்கு பொருளாதார நோபல் பரிசு கிடைச்சது 2017-ல். 65 வருஷ வித்தியாசம்! 20 பேர், அதுக்கு மேல வேலை செய்யற நிறுவனங்கள் இந்தச் சட்டத்துக்குள்ள வரும். உங்க அப்பா ஒரு கம்பெனியில பிஎஃப்போட வேலை பார்த்திருந்தா, வீட்டுல ஒரு விசேஷத்துக்கோ வீடு கட்டவோ அந்தப் பணம் வந்து நின்ன கதை உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். அவர் மாசாமாசம் உட்கார்ந்து முடிவு பண்ணி சேமிக்கலை. பிடிச்சாங்க, சேர்ந்தது.

ஏடிஎம் கார்டு: புது கார்டு வாங்கின உடனே ஆன்லைன்ல பயன்படுத்தப் பார்த்து, வேலை செய்யலைன்னு கடுப்பாகியிருக்கீங்களா? அது பழுது இல்லை. ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியில் ஒரு உத்தரவு போட்டது. 2020 மார்ச் 16-ல் இருந்து புதுசா கொடுக்கிற கார்டு, இந்தியாவுக்குள்ள ஏடிஎம்லயும் கடையில ஸ்வைப் மெஷின்லயும் மட்டும்தான் வேலை செய்யணும். ஆன்லைன், வெளிநாட்டுப் பரிவர்த்தனை, தட்டிப் பணம் கட்டுறது எல்லாம் நீங்களா ‘ஆன்’ பண்ணினாதான். வெளிநாட்டு வெப்சைட்ல இருந்து யாராவது உங்க கார்டு எண்ணை வச்சு விளையாடப் பார்த்தா, இந்த ஒரு பூட்டு காப்பாத்தும். வெளிநாட்டுப் பயன்பாடு உங்களுக்கு அவசியம் இல்லேன்னா அது ‘ஆஃப்’லயே இருக்கட்டும்.

ஏசி: 2020 ஜனவரி 1-ல் இருந்து நட்சத்திரக் குறியீடு உள்ள ரூம் ஏசி எல்லாத்துக்கும் டிஃபால்ட் 24 டிகிரின்னு மத்திய அரசு கட்டாயம் ஆக்கிடுச்சு. ஒரு டிகிரி கூட்டி வச்சா ஏறத்தாழ 6% மின்சாரம் மிச்சம்னு எரிசக்தித் திறன் பணியகம் சொல்லுது. ஒரு சின்னக் கணக்கு. ராத்திரி 8 மணி நேரம் ஓடுது, மணிக்கு சராசரியா 1 யூனிட்னு வச்சுக்குங்க. ரெண்டு மாசத்துக்கு 480 யூனிட். 20-ல் வைக்கிறதை 24-ல் வச்சா 100 யூனிட்டுக்கு மேல குறையும். நம்ம ஊர்ல ரெண்டு மாசத்துக்கு ஒரு பில். 500 யூனிட்டைத் தாண்டினா மேல இருக்கிற யூனிட்டுக்கு மட்டும் இல்லை, கீழ் ஸ்லாப்ல கிடைக்கிற குறைஞ்ச விலையும் மாறிடும். அந்த 100 யூனிட்தான் பல வீடுகள்ல கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமான்னு முடிவு பண்ணுது.

சரி, இப்போ நீங்க நிறுத்திப் பார்க்க வேண்டியவை. எண்ணிக்குங்க.

1. பிஎஃப்: 1,800 ரூபாய்லயே நின்னுடுச்சா?

சட்டப்படி பிஎஃப் கணக்குக்கான சம்பள உச்சவரம்பு 15,000 ரூபாய். 2014 செப்டம்பர்ல வச்சது. அதுல 12% போட்டா 1,800. உங்க பேசிக் சம்பளம் 25,000-ஆ இருந்தாலும் பல கம்பெனிகள் இந்த 1,800-ஐத்தான் டிஃபால்ட்டா பிடிப்பாங்க. முழு பேசிக்குக்கும் கணக்குப் போட்டா 3,000 வரும்.

மாசம் 1,200 ரூபாய் கைக்கு அதிகமா வருதேன்னு சந்தோஷப்படுறோம். அந்த 1,200 எங்க போகுதுன்னு யோசிச்சுப் பாருங்க. வேற எங்கயாவது சேமிப்பா மாறுதுன்னா சரி. டீக்கடைக்கும் டெலிவரி ஆப்புக்கும் போகுதுன்னா, ஹெச்ஆர்-கிட்ட போய் ‘விபிஎஃப் போடணும்’னு சொல்லுங்க. உங்க பங்கை நீங்களா கூட்டிக்கிறதுதான் விபிஎஃப். பிஎஃப்புக்கு என்ன வட்டியோ அதே வட்டி இதுக்கும் உண்டு. 2024-25-க்கு அது 8.25%. கம்பெனி தன் பங்கைக் கூட்டணும்னு கட்டாயம் இல்லை, அதை மனசுல வச்சுக்குங்க. வருஷத்துக்கு உங்க பங்கு 2.5 லட்சத்தைத் தாண்டினா, தாண்டின பகுதிக்கு வர்ற வட்டிக்கு வரி உண்டு. நம்மில் பெரும்பாலானவங்க அந்த எல்லைக்குக் கிட்டயே போக மாட்டோம்.

கூடவே ஒண்ணு. வாரிசுதாரர் பதிவு, அதாவது இ-நாமினேஷன், தானா நடக்காது. கல்யாணம் ஆனவங்க இதை உடனே பாருங்க. வருஷக்கணக்கா சேர்ந்த பணத்துக்கு வீட்டுல இருக்கிறவங்க அலையக்கூடாது.

2. வரி: புதிய முறைதான் டிஃபால்ட்

2023-24 நிதியாண்டுல இருந்து வருமான வரியில் புதிய முறைதான் டிஃபால்ட். கம்பெனியில ‘எந்த முறை வேணும்?’னு கேட்டு வர்ற மெயிலுக்கு நீங்க பதில் போடலேன்னா, புதிய முறையிலதான் டிடிஎஸ் பிடிப்பாங்க.

பயப்பட வேண்டாம். 2025-26 நிதியாண்டுக்கு புதிய முறையில், நிலையான கழிவு 75,000-ஐயும் சேர்த்து, சம்பளம் 12.75 லட்சம் வரைக்கும் வரி இல்லை. மாசம் 30,000, 40,000 வாங்குறவங்களுக்கு இந்த டிஃபால்ட் கச்சிதம். வரி மிச்சம் பண்றேன்னு சொல்லி யாராவது உங்க தலையில 15 வருஷ இன்ஷூரன்ஸ் பாலிசியைக் கட்ட வந்தா, ‘எனக்கு வரியே இல்லீங்க’ன்னு சொல்லி அனுப்பிடுங்க.

சம்பளம் அதுக்கு மேல இருந்தா மட்டும் கணக்குப் போடுங்க. உதாரணத்துக்கு, நெருப்பெரிச்சல்ல வீடு கட்டிட்டு, பெங்களூருல வாடகைக்கு இருந்து வேலை பார்க்கிற ஒருத்தர். சம்பளம் 15 லட்சம்.

புதிய முறை: 75,000 கழிச்சா 14.25 லட்சம். வரி 93,750, செஸ் 4% சேர்த்து 97,500 ரூபாய்.

பழைய முறை: நிலையான கழிவு 50,000, 80சி 1.5 லட்சம், வீட்டுக்கடன் வட்டி 2 லட்சம், மெடிக்கல் இன்ஷூரன்ஸ் 25,000. இவ்வளவு கழிச்ச பிறகும் வரி 1,40,400 ரூபாய். புதிய முறைதான் லாபம்! இதோட வாடகைப் படிக்கு 2 லட்சம் விலக்கு கிடைச்சா 91,000-க்கு இறங்கும். அப்போதான் பழைய முறை 6,500 ரூபாய் ஜெயிக்குது.

பார்த்தீங்களா? அத்தனை கழிவும் இருந்தும் வித்தியாசம் 6,500தான். ‘பழைய முறைதான் நல்லது’ன்னு சீனியர் சொன்னாருங்கிறதுக்காக மாத்தாதீங்க. வியாபார வருமானம் இல்லாத சம்பளக்காரங்க ரிட்டர்ன் தாக்கல் பண்ணும்போதும் முறையை மாத்திக்கலாம். ஆனா கடைசித் தேதிக்குள்ள தாக்கல் பண்ணணும். தேதி தாண்டிட்டா பழைய முறை கிடைக்காது.

3. கிரெடிட் கார்டு: ‘குறைந்தபட்சத் தொகை’ எனும் பொறி

இந்தப் பட்டியல்ல ரொம்ப விலை உயர்ந்த செட்டிங் இதுதான்.

கார்டு பில்லுக்கு ஆட்டோபே போடும்போது ரெண்டு தேர்வு வரும். முழுத் தொகை, அல்லது குறைந்தபட்சத் தொகை. கவனிக்காம குறைந்தபட்சத் தொகையில விட்டுட்டா, மாசாமாசம் ‘பணம் கட்டப்பட்டது, நன்றி’ன்னு மெசேஜ் வரும். எல்லாம் சரியா நடக்குதுன்னு நீங்க நினைச்சுக்கிட்டு இருப்பீங்க.

பில் 40,000 ரூபாய். குறைந்தபட்சம் 5%, அதாவது 2,000 போகுது. மிச்சம் 38,000. மாசத்துக்கு 3.5% வட்டின்னு வச்சா 1,330. அந்த வட்டிக்கு 18% ஜிஎஸ்டி 239. மொத்தம் 1,569. கடன் திரும்ப 39,569-க்கு வந்துடுச்சு. நீங்க கட்டினது 2,000, கடன் குறைஞ்சது 431 ரூபாய்!

அது மட்டும் இல்லை. பாக்கி இருக்கிற வரைக்கும் புதுசா வாங்குற பொருளுக்கும் வட்டியில்லாத நாட்கள் கிடையாது. பெட்ரோல் போட்ட அன்னைக்கே வட்டி ஓட ஆரம்பிச்சிடும். வருஷத்துக்குப் பார்த்தா 42% வட்டி. கந்துவட்டின்னு நம்ம பயப்படுறதுக்கும் இதுக்கும் பெரிய தூரம் இல்லைங்க.

இந்தப் பதிவுல ஒண்ணே ஒண்ணு மட்டும்தான் செய்வேன்னா, இதைச் செய்யுங்க. ஆப்பைத் திறந்து ‘முழுத் தொகை’ன்னு மாத்துங்க. முழுசா கட்ட முடியலேன்னா கார்டை நிறுத்தி வச்சுட்டு, குறைஞ்ச வட்டிக் கடனா மாத்தி அடைச்சு முடிங்க.

4. வீட்டுக்கடன்: இஎம்ஐ மாறலை, ஆனா வருஷம் மாறிடுச்சு

சைட் வாங்கி, நெருப்பெரிச்சல் பத்திர ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டு, கடன் வாங்கி வீடு கட்டியாச்சு. மிதக்கும் வட்டிக் கடன். 2022 மே-ல இருந்து 2023 பிப்ரவரிக்குள்ள ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை 4%-ல இருந்து 6.5%-க்கு ஏத்துச்சு. அப்போ பல பேருக்கு இஎம்ஐ ஒரு ரூபாய்கூட ஏறலை. ‘நம்ம பேங்க் நல்ல பேங்க்’னு இருந்தாங்க.

நடந்தது என்னன்னா, வட்டி ஏறினா இஎம்ஐயை அப்படியே வச்சுட்டு காலத்தை நீட்டுறதுதான் வழக்கமான டிஃபால்ட். 30 லட்சம் கடன், 20 வருஷம், 7% வட்டி. இஎம்ஐ 23,259. வட்டி ஆரம்பத்துலயே 9% ஆகி, இஎம்ஐ மாறாம இருந்தா, கடன் முடிய 458 மாசம் ஆகும். 38 வருஷம்! மொத்தம் கட்டுறது 1 கோடியே 6 லட்சத்துக்கு மேல. அதுக்குப் பதிலா இஎம்ஐயை 26,992-க்கு ஏத்திக்கிட்டா அதே 20 வருஷம், மொத்தம் 65 லட்சத்துக்குள்ள முடிஞ்சிடும். ஓய்வு வயசைத் தாண்டி வங்கி நீட்டாதுங்கிறதால நிஜத்துல 38 வருஷம் வரைக்கும் போகாம இருக்கலாம். ஆனா எந்தத் திசையில போகுதுன்னு புரியுது இல்லையா?

2023 ஆகஸ்ட்ல ரிசர்வ் வங்கி இதுக்கு ஒரு வழி பண்ணுச்சு. வட்டி மாறும்போது இஎம்ஐயைக் கூட்டிக்கவா, காலத்தை நீட்டிக்கவா, இல்லை ரெண்டும் கொஞ்சம் கொஞ்சமாவான்னு தேர்வு செய்யற உரிமையைக் கடன் வாங்கினவருக்குக் கொடுக்கணும்னு சொல்லிடுச்சு. உரிமை இருக்கு. நீங்க கேட்கணும். பேங்குக்குப் போய் ‘இன்னும் எத்தனை மாசம் பாக்கி?’ன்னு ஒரே ஒரு கேள்வி கேளுங்க. பதில் உங்களைத் தூக்கிவாரிப் போடலாம்.

வட்டி இறங்கும்போது இது தலைகீழ். இஎம்ஐ அப்படியே இருந்து காலம் குறைஞ்சா அது நமக்கு லாபம். அதை மாத்தாதீங்க.

5. மியூச்சுவல் ஃபண்ட்: ரெகுலரா, டைரக்டா?

2013 ஜனவரி 1-ல இருந்து எல்லா மியூச்சுவல் ஃபண்டும் ‘டைரக்ட்’ பிளான் கொடுக்கணும்னு செபி விதி. ஒரே ஃபண்டுதான், ஒரே மேனேஜர்தான். ரெகுலர்ல இடைத்தரகர் கமிஷன் உள்ளே இருக்கும், டைரக்ட்ல இருக்காது. பேங்க் ஆப் வழியாவோ, தெரிஞ்சவர் மூலமாவோ ஆரம்பிச்சிருந்தா உங்களோடது பெரும்பாலும் ரெகுலராத்தான் இருக்கும்.

மாசம் 5,000, 20 வருஷம். 12% வளர்ந்தா ஏறத்தாழ 49.9 லட்சம். 11% வளர்ந்தா 43.7 லட்சம். ஒரு சதவீத வித்தியாசத்துக்கு 6 லட்சத்துக்கு மேல. (சந்தை இப்படித்தான் வளரும்னு யாரும் உறுதி தர முடியாது. வித்தியாசத்தைக் காட்டத்தான் இந்தக் கணக்கு.)

‘ஆலோசகருக்குக் கொடுக்கிறது தப்பா?’ன்னு கேட்பீங்க. தப்பே இல்லை. சந்தை விழும்போது போன் பண்ணி, ‘தம்பி, எஸ்ஐபியை நிறுத்தாதே’ன்னு சொல்ற ஆள் உங்களுக்கு இருந்தா, அந்தக் கமிஷன் வீண் இல்லை. பணம் போட்ட நாள்ல இருந்து ஒரு போன்கூட வரலைன்னா, எதுக்குக் கொடுக்கிறோம்னு யோசிங்க. மாத்துறதுக்கு முன்னாடி வெளியேறும் கட்டணமும் மூலதன ஆதாய வரியும் வருமான்னு பாருங்க. இல்லேன்னா பழசை விட்டுட்டு புது எஸ்ஐபியை மட்டும் டைரக்ட்ல போடலாம்.

6. ஆட்டோபேயும் முன்கூட்டியே டிக் அடிச்ச பெட்டிகளும்

யூபிஐ ஆட்டோபே வந்தது 2020 ஜூலையில். ‘முதல் மாசம் 1 ரூபாய்’னு ஆசை காட்டுவாங்க. ஒப்புதல் கொடுத்துட்டு மறந்துடுவோம். அடுத்த மாசத்துல இருந்து 299, 499-னு போகும். 15,000 ரூபாய் வரைக்கும் ஒவ்வொரு தடவையும் ஓடிபி கேட்க மாட்டாங்க. ஆனா பணம் எடுக்க 24 மணி நேரத்துக்கு முன்னாடி தகவல் அனுப்பணும்னு ரிசர்வ் வங்கி விதி இருக்கு. நூறு விளம்பர மெசேஜுக்கு நடுவுல அதுவும் வந்துட்டுப் போயிடும். நம்ம யூபிஐ ஆப்புல ‘ஆட்டோபே’ அல்லது ‘மேண்டேட்’னு ஒரு பகுதி இருக்கும். திறந்து பாருங்க, தேவையில்லாததை ரத்து பண்ணுங்க. ஆப்பை மொபைல்ல இருந்து நீக்கிட்டா ஆட்டோபே நின்னுடாது. நிறைய பேர் இதுலதான் ஏமாறுறாங்க.

இன்னொண்ணு, டிக்கெட் போடும்போதும் பொருள் வாங்கும்போதும் கேட்காமலே சேர்ந்துடுற இன்ஷூரன்ஸ், நன்கொடை மாதிரி விஷயங்கள். 2023 நவம்பர் 30-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இந்த மாதிரி 13 தந்திரங்களைப் பட்டியல் போட்டுத் தடை பண்ணிடுச்சு. கூடையில திருட்டுத்தனமா பொருள் சேர்க்கிறதும், ரத்து பண்ண விடாம இழுத்தடிக்கிற சந்தாவும் அதுல உண்டு. யாராவது இப்படிப் பண்ணினா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு புகார் சொல்லலாம்.

இனி உங்க செட்டிங்கை நீங்களே போடுங்க

அடுத்தவங்க போட்ட டிஃபால்ட்டைத் திருத்துறது பாதி வேலை. மீதிப் பாதி, அதே பலத்தை நமக்காகப் பயன்படுத்துறது.

முதல்ல தேதி. எஸ்ஐபி, ஆர்டி எல்லாத்துக்கும் ஆப்புல 1, 5-னு ஏதாவது ஒரு தேதி முன்னாடியே போட்டிருக்கும். உங்க கம்பெனியில சம்பளம் 7-ஆம் தேதியோ 10-ஆம் தேதியோ வந்தா, 5-ஆம் தேதி போட்ட எஸ்ஐபி பணமில்லாம திரும்பும். பேங்க் அதுக்கு அபராதம் பிடிக்கும். சம்பளம் வழக்கமா வர்ற தேதிக்கு ரெண்டு மூணு நாள் தள்ளி வச்சுக்குங்க. ஆர்டர் குறைஞ்ச சீசன்ல சம்பளம் தாமதம் ஆகுற கம்பெனின்னா, இன்னும் கொஞ்சம் தள்ளி வைங்க.

அடுத்து, வருஷா வருஷம் கூட்டுறது. தாலரும் ஷ்லோமோ பெனார்ட்சியும் 2004-ல் வெளியிட்ட ஆய்வுல ஒரு எளிய யோசனை சொன்னாங்க. இன்னைக்கே அதிகமா சேமிக்கச் சொன்னா கஷ்டம். அடுத்த இன்க்ரிமென்ட் வரும்போது கூட்டிக்கிறேன்னு இப்பவே ஒப்புக்கச் சொல்லுங்க. சேர்ந்தவங்க 40 மாசத்துல 3.5%-ல இருந்து 13.6%-க்கு சேமிப்பை உயர்த்திட்டாங்க. நம்ம ஊர் ஆப்புகள்ல இதுக்குப் பேர் ‘ஸ்டெப்-அப்’.

மாசம் 3,000, 15 வருஷம், 12% வளர்ச்சின்னு வச்சா 15.1 லட்சம். வருஷத்துக்கு 10% கூட்டிக்கிட்டே போனா 26 லட்சம். முதல் வருஷம் உங்க கையில இருந்து கூடுதலா போறது ஒரு ரூபாய்கூட இல்லை.

ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம்

இதைச் சேமிச்சு வச்சுட்டு வரிசையா டிக் அடிங்க.

- கிரெடிட் கார்டு ஆட்டோபே முழுத் தொகையிலதான் இருக்கா? (5 நிமிஷம்)
- யூபிஐ ஆப்புல தேவையில்லாத ஆட்டோபே எத்தனை? (10 நிமிஷம்)
- கார்டுல வெளிநாட்டுப் பயன்பாடு ‘ஆஃப்’ல இருக்கா? (5 நிமிஷம்)
- சம்பள சிலிப்புல பிஎஃப் எவ்வளவு? இ-நாமினேஷன் முடிஞ்சதா? (15 நிமிஷம்)
- மியூச்சுவல் ஃபண்ட் ஸ்டேட்மென்ட்ல ‘ரெகுலர்’னு இருக்கா, ‘டைரக்ட்’னு இருக்கா? (10 நிமிஷம்)
- எஸ்ஐபி தேதி சம்பளத் தேதிக்குப் பின்னாடி இருக்கா? ஸ்டெப்-அப் போட்டாச்சா? (10 நிமிஷம்)
- வீட்டுக்கடன் இருந்தா, பாக்கி மாசம் எத்தனைன்னு பேங்குல கேட்க திங்கள்கிழமைக்கு ஒரு நினைவூட்டல். (1 நிமிஷம்)

வருஷத்துக்கு ஒரு தடவை, ஏப்ரல்ல, இதே பட்டியலைத் திரும்பப் பாருங்க. இன்க்ரிமென்ட் வரும், கல்யாணம் நடக்கும், குழந்தை பிறக்கும், வேலை மாறும். அது ஒவ்வொண்ணும் உங்க வாழ்க்கையில ஒரு புதுத் துணி. பழைய செட்டிங்லயே ஓட்டாதீங்க.

இந்தப் பட்டியல்ல எதை மாத்தினீங்க, எவ்வளவு மிச்சம் ஆச்சுன்னு கமென்ட்ல சொல்லுங்க. பிஎஃப் இ-நாமினேஷனை மொபைல்ல எப்படிப் பண்றதுன்னு அடுத்த வீடியோவுல ஒவ்வொரு படியா காட்டுறோம். கூட வேலை பார்க்கிற நண்பர் ஒருத்தருக்காவது இதை அனுப்புங்க. அவரோட கார்டு ஆட்டோபே எதுல இருக்குன்னு அவருக்கே தெரியாம இருக்கலாம்.